நெஞ்சின் நோயும் நெஞ்சின் சோர்வும்

தமிழில் ‘நெஞ்சு’ என்னும் சொல் இரண்டு பொருள் தரும். இதயம் துடிக்கும் மார்பையும் நெஞ்சு என்கிறோம். எண்ணமும் கவலையும் குடிகொள்ளும் மனத்தையும் நெஞ்சு என்கிறோம். ‘நெஞ்சு கனக்கிறது’ என்று ஒருவர் கூறினால், அவருக்கு நேர்ந்திருப்பது உடல் நோவா, மன நோவா என்று மீண்டும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் நம் மொழி குறிப்பது பொருத்தமே என்பதை இக்கால மருத்துவமும் மெய்ப்பித்து வருகிறது. இதயம் நோயுற்றால் மனம் சோர்கிறது; மனம் சோர்ந்தால் இதய நோய் முற்றுகிறது.

மாரடைப்பு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு ஆகியவை பற்றி நம் மக்கள் ஓரளவு அறிந்திருக்கின்றனர். ஆனால், மாரடைப்பிலிருந்து உயிர் தப்பி வீடு திரும்பியவரின் மனநிலை பற்றி நாம் பேசுவதில்லை. ‘உயிர் பிழைத்ததே பெரிது, இனி என்ன கவலை?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவரோ யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கிறார். இந்தத் தேய்வுக்கு மருத்துவர்கள் வைத்துள்ள பெயர் மனச்சோர்வு நோய். அது என்ன, இதய நோயாளிகளை அது ஏன் நாடி வருகிறது, அதை எவ்வாறு கண்டுகொள்வது, எங்கே உதவி பெறுவது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நம் நாட்டின் நிலை

மலேசியாவில் மருத்துவச் சான்று பெற்ற மரணங்களுக்கு முதன்மைக் காரணமாக இருதய இரத்தக்குழாய் அடைப்பு நோய் பல ஆண்டுகளாக இருந்து வந்துள்ளது. கோவிட் தொற்று பரவிய 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நோய் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 2022இல், மருத்துவச் சான்று பெற்ற மரணங்களில் 16.1 விழுக்காட்டிற்குக் காரணமாகி, மீண்டும் முதலிடத்திற்கு வந்தது.

இந்திய வம்சாவளியினராகிய நாம் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளிவந்த ‘இன்டர்ஹார்ட்’ என்னும் பேராய்வின் ஒரு பகுதி, தெற்காசிய மக்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2007இல் வெளியானது. தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாடுகளில் ஏறத்தாழ 59 என்றும் அது காட்டியது. ஆறு ஆண்டுகள் முன்னதாகவே நோய் வருகிறது. பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் வயது; வீட்டுக்கடன் முடியாத வயது; உழைத்துச் சம்பாதிக்க வேண்டிய வயது அது. ஆகவே, நோயோடு கவலையும் சேர்ந்தே வருகிறது.

மனச்சோர்வின் நிலையும் கவனிக்கத்தக்கது. சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார, நோயுறு நிலை ஆய்வு 2019இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் இவ்விகிதம் 4.6 விழுக்காடாக, இரு மடங்காக உயர்ந்திருந்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் என்பது அதன் பொருள். இது பொதுமக்களின் கணக்கு. மாரடைப்புக்கு ஆளானவர்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு ஏற்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இலேசான சோர்வு உடையோரையும் சேர்த்தால் இத்தொகை இன்னும் பெருகும்.

ஆயர் ஈத்தாம் காட்டும் வாழ்க்கை

பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நகருக்கு மேற்கே, குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது ஆயர் ஈத்தாம். மலாய் மொழியில் இதற்குக் ‘கருநீர்’ என்று பொருள். 1923இல் ஓடத் தொடங்கிய பினாங்குக் கொடிமலை இரயிலின் அடிவார நிலையமும், கெக் லோக் சி ஆலயமும், 1962இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்க அணையும் இவ்வூரை எல்லாரும் அறியச் செய்தவை. ஒரு காலத்தில் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளுமாக இருந்த நிலங்களில், 1980களில் பண்டார் பாரு ஆயர் ஈத்தாம் என்னும் புதிய நகர்ப்பகுதி எழுந்தது. அருகிலேயே 1960களின் இறுதியில் கட்டத் தொடங்கப்பெற்ற ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கெடாவிலும் செபராங் பிறையிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலை தேடித் தீவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, இத்தகைய அடுக்குமாடிகளில் குடியேறின.

தோட்ட லயத்தில் ஒருவர் நோயுற்றால், அடுத்த வீட்டுக்காரர் அரை மணி நேரத்தில் எட்டிப் பார்ப்பார். கோயில் திடலிலும், குழாயடியிலும், பிரட்டுக் களத்திலும் ‘இன்று அவரைக் காணோமே’ என்று யாராவது கேட்பார்கள். அடுக்குமாடியில் அப்படியன்று. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவர் நலமா, நலிவா என்று அடுத்த வீட்டாருக்குத் தெரிவதில்லை. தோட்டங்களிலும் இன்று நிலைமை மாறிவிட்டது. இளையோர் பட்டணம் சென்றுவிட, லயங்களில் முதியோர் தனித்திருக்கின்றனர். தனிமை மனச்சோர்வுக்கு வேலியில்லா வயல் போன்றது.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். இவர் தனி ஒருவரல்லர். இவரைப் போன்றோர் நம்மிடையே பலர் உளர். வயது ஐம்பத்தைந்து. இளமையில் கூலிம் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். பின்னர் ஆயர் ஈத்தாமில் குடியேறிக் காவலாளியாக வேலை செய்தவர். ஒரு விடியற்காலையில் மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில் அடைப்பை நீக்கி, இரத்தக்குழாயினுள் ‘ஸ்டென்ட்’ என்னும் சிறு வலைக்குழலைப் பொருத்தி அனுப்பினர். வீட்டார் மகிழ்ந்தனர். ஆனால், அவர் முன்போல் இல்லை. மாலையில் தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்தினார். தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருப்பார்; எதையும் பார்ப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார். ‘நான் இப்போது எல்லாருக்கும் பாரம்’ என்று ஒருநாள் கூறினார். மூன்று மாதம் கழிந்தபோது, மாத்திரைப் பொட்டலங்களில் பாதி பிரிக்கப்படாமலே இருந்ததை மனைவி கண்டார். ‘சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது?’ என்பதே அவருடைய பதில்.

இம்மனிதருக்கு இதய மருத்துவம் செவ்வனே கிடைத்தது. மன மருத்துவம் கிடைக்கவில்லை. அதனால் இதய மருத்துவமும் வீணாகும் நிலை வந்துவிட்டது. நாம் கவலைப்பட வேண்டிய இடம் இதுவே.

துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு

மாரடைப்போ இதய அறுவை மருத்துவமோ நிகழ்ந்த பின் அச்சமும் அழுகையும் வருவது இயல்பே. சாவின் வாயில் வரை சென்று திரும்பியவர் சில நாள் கலங்கியிருப்பதில் வியப்பில்லை. வாரங்கள் செல்லச்செல்ல, உடல் தேறத்தேற, இந்தக் கலக்கம் பெரும்பாலோருக்குத் தானே குறையும். பேரப்பிள்ளையைக் கண்டால் சிரிப்பு வரும். பிடித்த உணவைக் கண்டால் பசி எடுக்கும்.

மனச்சோர்வு நோய் அப்படிக் குறைவதில்லை. நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் அது நீடிக்கும். அதன் அடையாளங்கள் வருமாறு:

1. எந்நேரமும் மனம் வாடியிருத்தல், அல்லது வெறுமையாக இருத்தல்.
2. முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டமின்மை.
3. உறக்கமின்மை, அல்லது அளவுக்கு மீறிய உறக்கம்.
4. பசியும் உடல் எடையும் மாறுதல்.
5. சிறு வேலைக்கும் பெருங்களைப்பு.
6. பேச்சும் நடையும் மந்தமாதல், அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாத பரபரப்பு.
7. ‘நான் எதற்கும் உதவாதவன்’, ‘எல்லாம் என் குற்றம்’ என்ற எண்ணம்.
8. எதிலும் கவனம் நிலைக்காமை. சிறு முடிவும் எடுக்க இயலாமை.
9. வாழ்வதைவிடச் சாவதே மேல் என்ற நினைவு.

முதல் இரண்டில் ஒன்றேனும் இருந்து, அதையும் சேர்த்து மொத்தம் ஐந்து அடையாளங்கள் இருக்குமாயின், அதைக் கடுமையான மனச்சோர்வு என மருத்துவர்கள் கொள்கின்றனர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. களைப்பு, உறக்கக் குறைவு, பசியின்மை ஆகியவை இதய நோயாலும் வரும். சில மருந்துகளாலும் வரும். அதனால்தான் வீட்டாரும், சில வேளைகளில் மருத்துவர்களுங்கூட, ‘இது இதய நோயின் களைப்பு’ என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். பிரித்தறிய ஒரு வழி உள்ளது. களைத்த நோயாளி, ‘போக ஆசைதான், உடம்பு ஒத்துழைக்கவில்லை’ என்பார். மனம் சோர்ந்தவர், ‘போக வேண்டும் என்றே தோன்றவில்லை’ என்பார். நாட்டமின்மையும், நம்பிக்கையின்மையும், தன்னைத்தானே இகழ்வதும் இதயம் தருபவை அல்ல. அவை மனச்சோர்வின் குரல்.

பெண்களைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. நம் தாய்மாரோ நோயுற்ற நிலையிலும் அடுப்படியை விடுவதில்லை. சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், ஆகவே நலமாக இருக்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வேலை செய்யும் கையைப் பார்க்கும் நாம் முகத்தையும் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சிகள் கூறுவது

மனமும் இதயமும் தொடர்புடையவை என்ற கருத்து புதியதன்று. இரத்த ஓட்டத்தை விளக்கி 1628இல் நூல் வெளியிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, மனத்தில் எழும் துன்பமும் அச்சமும் இதயம் வரை சென்று தாக்கும் என்பதை அந்நூலிலேயே குறித்துள்ளார். எனினும், அதை எண்ணிக்கையால் நிறுவ மூன்றரை நூற்றாண்டு கடக்க வேண்டியிருந்தது.

கனடாவின் மொன்றியால் நகரில் நான்சி ஃபிரேசர் சுமித் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், மாரடைப்புக்கு மருத்துவம் பெற்ற 222 நோயாளிகளைப் பின்தொடர்ந்து கவனித்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். மருத்துவமனையில் இருந்தபோதே மனச்சோர்வு கண்டவர்களில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் ஆறு மாதத்திற்குள் இறந்தனர். மனச்சோர்வு இல்லாதவர்களில் இறந்தோர் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் மட்டுமே. இதயத்தின் பழுதையும் கணக்கில் கொண்டு பார்த்தபோதுங்கூட, மனச்சோர்வு தனியொரு ஆபத்தாகவே நின்றது. பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. அமெரிக்க இதயச் சங்கம் 2008இல், இதய நோயாளிகளிடம் மனச்சோர்வு உள்ளதா என்று கேட்டறிய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2014இல் அச்சங்கத்தின் அறிவியல் குழு, மாரடைப்புக்குப் பின் நோய் மோசமாவதற்கான ஆபத்துக் காரணிகளுள் ஒன்றாக மனச்சோர்வையும் ஏற்க வேண்டும் என்று அறிவித்தது.

இது ஏன் நிகழ்கிறது? இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, உடலின் வழி. மனம் இடைவிடாமல் வருந்தும்போது, ஆபத்துக் காலத்திற்கென உடல் சுரக்கும் அட்ரினலின், கார்ட்டிசோல் போன்ற இயக்குநீர்கள் அளவு மீறிச் சுரக்கின்றன. நாடித் துடிப்பு விரைவாகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் தன்மை அடைகின்றன. இரத்தக்குழாயின் உட்சுவரில் அழற்சி மிகுகிறது. ஏற்கெனவே பழுதுபட்ட குழாய்க்கு இவை அனைத்தும் கேடு.

இரண்டாவது, நடத்தையின் வழி. சோர்ந்த மனிதர் மருந்தை மறக்கிறார், மருத்துவர் குறித்த நாளில் செல்வதில்லை, நடைப்பயிற்சியைக் கைவிடுகிறார், விட்ட சிகரெட்டை மீண்டும் பற்ற வைக்கிறார். சிலர் சம்சுவிலும் கள்ளிலும் ஆறுதல் தேடுகின்றனர். மது முதலில் மயக்கத்தைத் தந்து, பின்னர் மனச்சோர்வை ஆழமாக்குகிறது, இரத்த அழுத்தத்தையும் கூட்டுகிறது, மருந்துகளோடு மோதுகிறது. துயரைக் கரைக்கக் குடிப்பவரிடம் துயரே மிஞ்சுகிறது.

இரண்டு கேள்விகள்

மனச்சோர்வைக் கண்டறிய இரத்தமோ ஒளிப்படமோ எடுக்க வேண்டியதில்லை. மருத்துவர்கள் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். அவற்றை வீட்டிலும் கேட்கலாம்.

‘கடந்த இரண்டு வாரங்களில், மனம் வாடி, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா?’

‘கடந்த இரண்டு வாரங்களில், எதைச் செய்வதிலும் விருப்பமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா?’

ஒன்றுக்கேனும் ‘ஆம், பெரும்பாலான நாள்களில்’ என்ற பதில் வந்தால், அவரை அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, நோயின் கடுமையை மதிப்பிடுவார்கள். இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டுவதைப் போன்றதே இதுவும்.

ஆயினும், ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால், ‘இது மனக்கவலைதான்’ என்று காத்திருக்கக் கூடாது. உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். மனச்சோர்வு உள்ளவருக்கும் மீண்டும் மாரடைப்பு வரும். உண்மையில் அவருக்கே அந்த ஆபத்து அதிகம்.

மருத்துவம் உண்டு

மனச்சோர்வு தலைவிதியன்று; ஏழரைச் சனியின் விளையாட்டுமன்று; மன உறுதி இல்லாதவர்களின் குறையும் அன்று. கோயிலுக்குச் செல்வதும் வழிபடுவதும் மனத்திற்கு ஆறுதல் தருமாயின் தாராளமாகச் செய்யலாம். ஆனால், அதற்காக மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடலாகாது.

முதல் மருத்துவம் பேச்சு வழி மருத்துவம். பயிற்சி பெற்ற மனநல அலுவலர், நோயாளியின் எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயக் கற்றுத் தருவார். ‘நான் பாரம்’ என்ற எண்ணம் மெய்யா? வீட்டார் அப்படிச் சொன்னார்களா? நான் இன்று செய்யக்கூடிய ஒரு சிறு செயல் எது? இவ்வாறு கேட்டுக்கேட்டு, மனம் தானே போட்டுக்கொண்ட முடிச்சை அவிழ்ப்பது இம்முறை.

இரண்டாவது, மருந்து. இதய நோயாளிகள் மனச்சோர்வு மருந்தை உட்கொள்ளலாமா என்ற அச்சம் முன்பு இருந்தது. மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்த 369 பேரிடம் செர்ட்ராலின் என்னும் மருந்து ஆராயப்பட்டு, அது இதயத்திற்குத் தீங்கு செய்யவில்லை என்பது 2002இல் தெரிய வந்தது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மருந்துகள் இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடும். ஆதலின், மருத்துவரிடம் ‘எனக்கு இதய நோய் உண்டு’ என்று தவறாமல் கூற வேண்டும். செர்ட்ராலின் வகை மருந்தை அஸ்பிரினோடும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் பிற மருந்துகளோடும் சேர்த்து உட்கொள்ளும்போது இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்புச் சிறிது கூடும். ஆகவே, உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவதே நலம்.

இம்மருந்துகள் காய்ச்சல் மாத்திரை போல ஒரே நாளில் வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். மனம் தெளிந்த பின்னும் பல மாதங்களுக்கு மருத்துவர் கூறும் வரை தொடர வேண்டும். திடீரென நிறுத்தலாகாது. இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குபவையும் அல்ல. இதயத்துடிப்பைத் தணிக்கும் ‘பீட்டா’ வகை மாத்திரைகளே மனச்சோர்வைக் கொண்டுவருகின்றன என்ற பேச்சும் மக்களிடையே உண்டு. அண்மைய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. உறக்கத்தில் தொல்லையும் விநோதக் கனவுகளும் சிலருக்கு வரலாம். அப்படி வந்தால் மருத்துவரிடம் கூற வேண்டும். தாமாகவே மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மனச்சோர்வைக் குணப்படுத்தினால் மாரடைப்பும் குறையுமா? இதற்கு ஆய்வுகள் தந்த பதில் ஒரே மாதிரியாக இல்லை. 2003இல் வெளிவந்த, 2,481 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், பேச்சு வழி மருத்துவம் மனச்சோர்வைக் குறைத்தது. ஆனால் மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. 2018இல் வெளிவந்த தென்கொரிய ஆய்வில், மனச்சோர்வு மருந்தோ வெற்று மாத்திரையோ பெற்ற மொத்தம் 300 பேரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கவனித்தனர். வெற்று மாத்திரை பெற்றோரைவிட, மருந்து பெற்றோரிடம் இதயக் கோளாறுகள் குறைவாக இருந்தன. எது எவ்வாறாயினும், மனச்சோர்வைப் போக்குவது அதனளவிலேயே பெரும் பேறு. மனிதர் மீண்டும் உண்கிறார், உறங்குகிறார், பேசுகிறார், மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார். அதுவே போதிய காரணம்.

மூன்றாவது மருத்துவம் நடை. மருத்துவரின் அனுமதியோடு, சமதரையில் ஐந்து அல்லது பத்து நிமிடத்தில் தொடங்கி, சிறுகச்சிறுகக் கூட்டி, நாளுக்கு அரை மணி நேரம் நடப்பது இதயத்தையும் மனத்தையும் ஒருங்கே வலுப்படுத்தும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். ஆயர் ஈத்தாம் வாசிகள் தொடக்கத்திலேயே அணைக்கட்டுக்கு ஏறும் மேட்டுச் சாலையையும் ஆலயப் படிக்கட்டுகளையும் நாடலாகாது. அடுக்குமாடியின் கீழ்த்தளமே முதல் மாதத்திற்குப் போதும். தோட்டத்தில் இருப்போருக்கு லயத்துச் சாலையும் பந்துத் திடலும் உள்ளன. மருத்துவமனையில் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு அழைத்தால் தவறாமல் செல்ல வேண்டும்.

குடும்பத்தார் கடமை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர். பேணுபவரையும் மருத்துவத்தின் பகுதியாகவே அவர் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பேணுதல் என்பது எந்த வேலையையும் செய்யவிடாமல் நாற்காலியில் உட்கார வைப்பதன்று. அன்பின் மிகுதியால், ‘நீங்கள் எழுந்திருக்காதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எல்லாவற்றையும் பறித்துக்கொண்டால், ‘நான் உதவாதவன்’ என்ற எண்ணத்தை நாமே உறுதிப்படுத்துகிறோம். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பேரனைப் பள்ளிப் பேருந்து வரை அழைத்துச் செல்வது, மின்கட்டணத்தைக் கவனிப்பது போன்ற அவரால் இயன்ற பொறுப்பொன்றை அவரிடமே விட வேண்டும். ‘தைரியமாக இருங்கள்’ என்று நூறு முறை கூறுவதைவிட, ‘எப்படி இருக்கிறது அப்பா?’ என்று ஒரு முறை கேட்டு, பதில் முடியும் வரை காது கொடுப்பது மேலானது. பேணுபவருக்கும் களைப்பு வரும். அவரையும் யாராவது விசாரிக்க வேண்டும்.

பணக் கவலைக்கும் வழியுண்டு

நோயாளியின் மனத்தை அரிக்கும் கவலைகளுள் பெரியது வருமானம். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பெறலாம். 1971இல் தொடங்கப்பட்ட சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், சந்தா செலுத்திய தொழிலாளி நோயினால் உழைக்கும் ஆற்றலை இழந்தால் இயலாமை ஓய்வூதியம் வழங்குகிறது. அதற்கு வயது வரம்பும் சந்தா நிபந்தனைகளும் உண்டு. மருத்துவக் குழுவின் மதிப்பீடும் தேவை. மீண்டும் வேலைக்குத் திரும்ப விரும்புவோருக்கு உதவும் திட்டத்தை அந்நிறுவனம் 2007 முதல் நடத்தி வருகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்தும் உடல் இயலாமைக்காகப் பணம் பெற வழியுண்டு. பாரம் தூக்கும் வேலையிலிருந்து இலகுவான வேலைக்கு மாற்றும்படி மருத்துவரின் கடிதத்தோடு நிர்வாகத்திடம் கேட்கலாம். படிவங்கள் புரியவில்லை எனில், அரசாங்க மருத்துவமனைகளிலுள்ள மருத்துவச் சமூகநல அலுவலரை அணுகலாம். மனுவை எழுத யாரேனும் உதவினால், நோயாளியின் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும்.

மறைக்கக் கூடாத பேச்சு

‘செத்துப் போனால் எல்லாருக்கும் நிம்மதி’ என்று ஒருவர் கூறினால், அதை வெறும் சலிப்பு என்று தள்ளிவிடலாகாது. ‘உயிரை விட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று அமைதியாகவும் நேராகவும் கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாறாக, பேச ஒரு வாயில் திறக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளைப் பாதுகாப்பில் வைத்து, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. ஆகவே, போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும், பிஃரண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 எண்ணிலும் மனவேதனையைப் பகிர்ந்துகொள்ளலாம். பினாங்கு வட்டாரத்தில், ஜார்ஜ் டவுன் பெரிய மருத்துவமனையில் இதயப் பிரிவும் உண்டு, மனநலப் பிரிவும் உண்டு. இதயத்திற்காக அங்கே செல்பவர், மனத்தைப் பற்றியும் அதே மருத்துவரிடம் வாய் திறக்கலாம். அவர் உரிய இடத்திற்கு அனுப்பி வைப்பார்.

தோட்டந்தோறும் செய்யத்தக்கது

கோயில் குழுவும், மாதர் பிரிவும், இளைஞர் மன்றமும், தொழிற்சங்கக் கிளையும் இதில் பங்கெடுக்க முடியும். மருத்துவமனையிலிருந்து திரும்பியவரின் வீட்டிற்கு முதல் வாரத்தில் பலரும் பழங்களோடு வருகின்றனர். மூன்றாம் மாதத்தில் ஒருவரும் வருவதில்லை. சோர்வு ஆழமாவது பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே, முறை வைத்து, மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் சென்று பார்ப்பதை ஒரு வழக்கமாக்கலாம். மாலையில் நான்கு பேர் சேர்ந்து நடக்கும் குழுவொன்றை அமைக்கலாம். மருத்துவமனை செல்லும் நாளில் வாகன உதவி செய்யலாம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை.

அடைப்பை நீக்கி இரத்தத்தை ஓடச் செய்வது மருத்துவரின் கைத்திறன். வீடு திரும்பிய மனிதருக்கு வாழும் விருப்பத்தை மீட்டுத் தருவதில் நமக்கும் பங்குண்டு.

சிந்திக்கவும் கலந்துரையாடவும்

1. உங்கள் லயத்திலோ அடுக்குமாடியிலோ கடந்த ஓராண்டில் இதய நோய்க்கு மருத்துவம் பெற்றவர்கள் யாவர்? அவர்களைக் கடைசியாக எப்போது கண்டு பேசினீர்கள்?
2. இதய நோயின் களைப்பையும் மனச்சோர்வையும் எவ்வாறு பிரித்தறியலாம்?
3. மருத்துவர் கேட்கும் இரண்டு கேள்விகள் எவை? அவற்றை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் எவ்வாறு கேட்பீர்கள்?
4. மருந்தைத் தாமாக நிறுத்திவிட்ட ஒருவருக்கு நீங்கள் என்ன கூறுவீர்கள்?
5. நோயுற்றவரின் கையில் விட்டுவைக்கத்தக்க பொறுப்புகள் மூன்றைக் கூறுக.